மறு: அலைவாங்கியா, அலைக்கம்பியா? (மக்கே வழக்கு மொழிபெயர்ப்பு)

அன்பு நண்பர்களுக்கு,

சட்ட மாணவர்களுக்கான பாடக்குறிப்பை வெள்ளிக்கிழமைக்குள் தரவேண்டும். மக்கே வானொலி நிறுவனத்தின் மீதான காப்புரிமை வழக்கைப் பற்றியது அது. அதில் வரும் ‘ஆண்டெனா’வை (வானொலி அலையை அனுப்பவோ வாங்கவோ உதவும் கருவி) தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். உங்கள் மறுமொழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

> ‘அலைவாங்கி’ வழக்கில் ஊன்றிவிட்டது. அதை ஏன் அசைக்கவேண்டும்?

ஐயா, ஊன்றியது உண்மைதான். ஆனால் 1939-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த இவ்வழக்கில் வருவது, இரண்டு நீண்ட கம்பிகளை ‘வி’ வடிவில் கட்டி அலையை ஒரு திசையில் குவித்து அனுப்பும் அமைப்பு. அனுப்புவதைப் போய் ‘வாங்கி’ என்றால் மாணவர் முதல் பத்தியிலேயே குழம்புவார்.

> சங்கப் பாடல்களில் ‘வாங்கு’ என்றால் வளை. ‘வாங்கு அமை’ வளைந்த மூங்கில். பொருள் விரியுமே?

அம்மா, ரசித்துப் படித்தேன். ஆனால் இந்தக் கம்பிகள் வளையவில்லை, நேராகத்தான் நீள்கின்றன. அவற்றின் இடைக்கோணம்தான் வழக்கே.

> ‘ஃபார்முலா’வுக்குச் சூத்திரமா, வாய்பாடா? இரண்டும் ஒன்றுதானே.

இங்கே ஒன்றல்ல. கம்பியின் நீளத்தைப் பொறுத்து அலை எந்தக் கோணத்தில் மிகுதியாகக் கிளம்பும் என்ற கணக்கை இயற்பியலாளர் ஆபிரகாம் 1898-லேயே வெளியிட்டிருந்தார். வழக்கிலுள்ள காப்புரிமையின் கண்டுபிடிப்பாளர் கார்ட்டர் அதை வைத்துக் கம்பிகளை அமைத்தார். அறிவியல் உண்மைக்கோ அதன் கணித வடிவத்துக்கோ காப்புரிமை இல்லை, அந்த அறிவின் துணையால் உருவான புதிய, பயனுள்ள அமைப்புக்குக் கிடைக்கலாம் என்றது நீதிமன்றம். அப்புறம், காப்புரிமை செல்லும் என்றே கொண்டாலும் மக்கே நிறுவனம் அதை மீறவில்லை என்று முடித்தது. ஆக, கணக்கு வேறு, கருவி வேறு என்பதே தீர்ப்பின் உயிர். தமிழில் ‘சூத்திரம்’ இயந்திரத்தையும் குறிக்கும். சூத்திரப்பாவையை நினைத்துப் பாருங்கள். பிரிக்கவேண்டிய இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடும். ‘வாய்பாடு’ என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான், வடமொழி வெறுப்பால் அல்ல.

> ‘ஆண்டெனா’வின் இலத்தீன் மூலச்சொல்லுக்குப் பொருள் பாய்மரத்தின் குறுக்குமரம். நம் கடலோடிகளின் சொல் ‘பருமல்’. ‘அலைப்பருமல்’ என்போம்!

கிடையாக நீளும் கம்பிக்கு வெகு பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் பருமலுக்கே அகராதி தேடவேண்டிய மாணவரிடம் அலைப்பருமலைக் கொடுக்க மனம் வரவில்லை. தனி இழையில் தொடருங்கள், நானும் வருகிறேன்.

பெரும்பாலோர் ‘அலைக்கம்பி’க்கு ஒத்துக்கொண்டீர்கள். கிண்ண ஆண்டெனாவில் கம்பி எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. வானொலிப் பொறியாளர் பெவரேஜ் வடிவமைத்த நீள்கிடைக் கம்பி பெரும்பாலும் வாங்குவதற்கே பயன்பட்டது, அதற்கு ‘அலைவாங்கி’யே சரி என்ற ஐயாவின் மறுப்பும் நியாயமானது. இந்தக் குறிப்பில் மட்டும் ‘அலைக்கம்பி’ என்று வைக்கிறேன். ‘காப்புரிமைத் தகுதி’ என்ற சொல்லுக்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை, அதுவும் போகிறது.