டோட்டோ-சானை மறுபடி படித்தபோது

ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானாகி, டோட்டோ-சான் என்று அழைக்கப்பட்ட தன் சிறுவயதுப் பள்ளி நாட்களைப் பற்றி எழுதிய புத்தகம் ‘டோட்டோ-சான்’. அதைப் பள்ளி நாட்களில் படித்தவர்கள், பிள்ளை பெற்ற பிறகு ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள். அன்று நான் அந்தச் சிறுமியின் பின்னாலேயே ஓடினேன். பழைய ரயில் பெட்டிகளில் வகுப்பு நடக்கும் டோமோயி பள்ளி மாதிரி நம் ஊரில் ஒன்று இல்லையே என்ற ஏக்கம்தான் மிச்சம். இப்போது மகளுக்கு வாசித்துக் காட்டும்போது என் கண் பெரியவர்கள் மேலேயே நிற்கிறது.

முதலில் தட்டுப்பட்டது இரண்டாம் உலகப் போர். ரயில் நிலையத்தில் ஒரு மிட்டாய் இயந்திரம் வரும், காசு போட்டு எவ்வளவு உலுக்கினாலும் ஒன்றும் விழாது. சின்ன வயதில் அது வேடிக்கை. ஊரில் பண்டமே இல்லை என்பதுதான் அதன் அர்த்தம் என்று இப்போதுதான் உறைத்தது. ராணுவப் பாட்டு வாசித்தால் அரிசியும் சர்க்கரையும் கிடைக்கும் என்று தெரிந்தும், தன் வயலினில் அதை வாசிக்க மாட்டேன் என்கிறார் டோட்டோ-சானின் அப்பா. வீட்டில் பசி இருந்தபோது எடுத்த முடிவு அது.

அப்புறம் மதியச் சாப்பாடு. ‘கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்’ கொண்டு வரவேண்டும் என்பது தலைமை ஆசிரியர் கோபயாஷியின் விதி. அவர் மனைவி இரண்டு பாத்திரங்களோடு பின்னாலேயே வருவார். கடல் இல்லாத டப்பாவில் மீன் பண்டம், மலை இல்லாததில் உருளைக்கிழங்கு. எவன் வீட்டில் வசதி, எவன் வீட்டில் இல்லை என்ற பேச்சே எழாது. எங்கள் பள்ளியில் டப்பா மூடியால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டவர்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள்.

மசாவோ என்ற கொரியப் பையன் வரும் இடத்தைச் சுத்தமாக மறந்திருந்தேன். அவன் டோட்டோ-சானைப் பார்த்து ‘கொரியன்!’ என்று கத்துவான். ஊரார் தன்னை அப்படிச் சொல்லியே ஏசுவதால், அது ஏதோ வசவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் பாவம். விஷயம் கேட்ட டோட்டோ-சானின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிடும். சாதிப் பெயர் எப்படியெல்லாம் வசவாக வீசப்படுகிறது என்று பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்தப் பக்கத்தைச் சாதாரணமாகத் தாண்ட முடியாது.

என்னை அதிகம் உலுக்கியது தகாஹாஷி. உயரம் வளராமல் நின்றுவிட்ட, கைகால் குட்டையான பையன். விளையாட்டு விழாவில் எல்லாப் போட்டியிலும் அவனே முதல். மீன் வடிவத் துணிக்குள் நுழைந்து ஊர்ந்து வெளியே வருவது, படிகளை ஒவ்வொன்றாக ஏறுவது என்று அவன் உடம்புக்குத் தோதான போட்டிகளையே கோபயாஷி யோசித்து வைத்திருக்கிறார். புத்தகத்திலேயே இது இருக்கிறது, அன்று என் மனசில் நின்றது பரிசாகக் கொடுத்த முள்ளங்கி மட்டும்தான். என் மகளும் முள்ளங்கிக்குத்தான் சிரித்தாள்.

அதே பையனிடம் ஒரு நாள் வகுப்பாசிரியை விளையாட்டாக, ‘உனக்கு வால் இருக்கிறதா?’ என்று கேட்டுவிடுகிறார். அன்று மாலை சமையலறையில் கோபயாஷி அவரைக் கடுமையாகக் கண்டிப்பது டோட்டோ-சான் காதில் விழுகிறது. தகாஹாஷிக்கு மற்றவர்களோடு சமம் என்ற நம்பிக்கை வர நாம் பாடுபடுகிறோம், அவனிடம் போய் வாலைப் பற்றிக் கேட்கலாமா என்பது அவர் கோபம். ஏன் சமையலறை? ஆசிரியர் அறையில் சக ஆசிரியர்கள் இருப்பார்கள். தவறு செய்தவரையும் நாலு பேர் முன்னால் கூனிக்குறுக விடக்கூடாது என்று பார்த்திருக்கிறார் மனுஷன். ஆசிரியையாக இருக்கும் என் அக்காவுக்குப் போனில் இதை வாசித்துக் காட்டினேன். மாணவர்கள் முன்னாலேயே திட்டு வாங்கிப் பழகியவள் அவள். ‘மறுபடி வாசி’ என்றாள்.

1937-இல் தொடங்கிய அந்தப் பள்ளி 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. டெட்சுகோ குரோயானாகி இதைப் புத்தகமாகக் கொண்டுவந்தது 1981-இல். கடைசியில் நண்பர்கள் என்ன ஆனார்கள் என்று பின்னுரை எழுதியிருக்கிறார், அதை நான் சிறுவயதில் புரட்டியதே இல்லை. தகாஹாஷி பொறியியல் படித்து ஒரு பெரிய மின்னணு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். ஊழியர்களின் குறைகளைக் கேட்டு, அவர்களுக்குள் சுமுகம் குலையாமல் பார்த்துக்கொள்வது அப்போது அவர் வேலையாக இருந்தது.