நம்ம வீட்டுக் குழு: இன்று இரவு எந்தப் படம்?

செல்வி: நேற்று ‘ஹோப் அண்ட் குளோரி’ மறுபடி பார்த்தேன். ஜான் பூர்மன் 1987இல் எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் லண்டன்மீது குண்டு விழுந்த நாட்களை பில் என்ற சிறுவனோடு கூடவே நடந்து பார்க்கிற மாதிரி இருக்கும். பூர்மனின் சொந்தக் கதைதான். போர் தொடங்கியபோது அவருக்கு 6 வயது.

குமார் மாமா: குண்டு விழுகிற கதையில் சிரிப்பா? எனக்கு மனசு ஒப்பவில்லை செல்வி.

செல்வி: எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது மாமா. ஆனால் அந்த வயதில் போர் அவனுக்கு எப்படித் தெரிந்ததோ அதை மறைக்காமல் எடுத்திருக்கிறார். விடிந்ததும் தெருவில் ஓடிக் குண்டுச் சில்லு பொறுக்குகிறான், நாம் கோலிக்குண்டு சேர்த்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் வாயு முகமூடி மாட்டிக்கொண்டே வாய்ப்பாடு சொல்கிறார்கள். கடைசியில் பள்ளிமேலேயே குண்டு விழுகிறது. பிள்ளைகள் சந்தோஷத்தில் குதிக்கிறார்கள். “நன்றி அடால்ஃப்!” என்று ஹிட்லரை நினைத்து ஒருவன் கத்துகிறான்.

தீபா: 😂 பசங்களோடு பார்க்கலாமா அண்ணி?

செல்வி: சின்னவன் வேண்டாம் தீபா. படத்தில் பில்லின் அக்கா கதையில் பெரியவர்களுக்கான காட்சிகள் உண்டு. பெரியவன் பார்க்கலாம்.

செல்வி: அப்புறம் ஒன்று. கல்யாணத்துக்கு முன் பார்த்தபோது பையனை மட்டும்தான் பார்த்தேன். இந்தத் தடவை கண் முழுக்க அம்மாமேல்தான். சாரா மைல்ஸ் நடித்திருக்கிறார். அந்த அம்மா பிள்ளைகளைப் பத்திரமான இடத்துக்கு அனுப்ப முடிவு செய்கிறாள். பையனோ, போரைப் பார்க்க முடியாமல் போகும், எல்லாம் உன்னால்தான் என்று சண்டை போடுகிறான். ஸ்டேஷன் வரை கூட்டிப் போனவள், கடைசி நேரத்தில் மனசு தாங்காமல் திரும்ப அழைத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சின்னவன் தூங்குகிறானா என்று போய்ப் பார்த்தேன்.

தீபா: படிக்கும்போதே என்னவோ செய்கிறது அண்ணி.

குமார் மாமா: அப்பா எங்கே?

செல்வி: பட்டாளத்தில் சேர்ந்துவிடுகிறார் மாமா. கிளம்பும் முன் மகனை உட்காரவைத்து ஒரு ரகசியம் சொல்கிறார். என்ன தெரியுமா? கிரிக்கெட்டில் கூக்ளி பந்து போடுவது எப்படி என்று!

குமார் மாமா: அட! லெக் பிரேக் என்கிற சுழல்பந்து மாதிரி கை வரும், பந்து எதிர்ப்பக்கம் திரும்பும். அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டா போருக்குப் போகிறார்?

செல்வி: ஆமாம் மாமா. திரும்பி வருவோமா என்று தெரியாத மனிதர் கையில் அதுதான் இருந்தது.

குமார் மாமா: சரி, எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?

செல்வி: 8 மணிக்கு, எங்கள் வீட்டில். சாப்பிடாமல் வாருங்கள்.

பாட்டி: அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

செல்வி: ஒன்றும் ஆகவில்லை அம்மா. வீடுதான் எரிந்துபோகிறது. அதுவும் குண்டால் இல்லை, சாதாரணத் தீ. அப்புறம் தேம்ஸ் கரையில் தாத்தா வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆற்றில் குண்டு விழுந்து மீனெல்லாம் மிதக்கும், பிள்ளைகள் அள்ளிக்கொண்டு வருவார்கள்.

பாட்டி: அப்படியென்றால் நானும் உட்காருகிறேன். என் கண்ணாடியை எடுத்து வை.