அலையாத்திக் காட்டுக்குள் வாடகைப் படகில்: எந்த வேளையில் போனீர்கள், என்ன கண்டீர்கள்?

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குப் போய் வந்தவர்களில் ஒருவர் "அப்படியோர் இடத்தைப் பார்த்ததே இல்லை" என்பார். இன்னொருவரோ "சேற்றுக்கு நடுவே வெயிலில் வதங்கியதுதான் மிச்சம்" என்று அலுத்துக்கொள்வார். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். முன்னவர் ஓதத்தால் கடல்நீர் ஏறிய வேளையில் போயிருப்பார். பின்னவர் நீர் வற்றிய வேளையில் போயிருப்பார். படகுக்கு எவ்வளவு வாடகை, ஒரு படகில் எத்தனை பேர் ஏறலாம், சாப்பாடு கிடைக்குமா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு கிளம்பும் நாம், கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பதை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில், ஏராளமான சிறு திட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது இந்தக் காடு. விசைப்படகு அகன்ற கால்வாய்களோடு நின்றுவிடும். கிளைகள் தலைக்கு மேல் கூடாரம் போல் கவிந்திருக்கும் குறுகிய ஓடைகளுக்குள் துடுப்புப் படகால்தான் நுழைய முடியும். அதுவும் தண்ணீர் போதிய அளவு இருந்தால்தான். ஆகவே குறுகிய ஓடையைப் பார்க்க விரும்புபவர்கள், விசைப்படகில் அதிக தூரம் போகலாம் என்ற ஆசையை விட்டுவிட்டுத் துடுப்புப் படகையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்களுக்கு வாய்த்த படகோட்டி வயதில் மூத்தவர். ஓடையின் வாயில் துடுப்பைத் தூக்கிப் படகுக்குள் வைத்துவிட்டு, இருபுறமும் வளைந்து இறங்கியிருந்த சுரபுன்னை வேர்களை மாறி மாறிக் கையால் பற்றி இழுத்தே படகை உள்ளே கொண்டுபோனார். வேர்களில் ஓர் உயரம் வரை சிப்பிகள் அப்பியிருந்தன. அதற்கு மேலே வேர் வழுவழுவென்று இருந்தது. "தண்ணி தினமும் எதுவரைக்கும் ஏறுதுன்னு இது சொல்லிரும் சார். இப்ப பாருங்க, சிப்பிக்கு மேல நாலு விரல் ஏறியிருக்கு. இன்னும் ஒரு மணி நேரம் உள்ளே இருக்கலாம், அதுக்கு மேல வேணாம்" என்றார். கையில் கடிகாரம் இல்லாத அந்த மனிதரின் கணக்குத் தவறவில்லை. நாங்கள் அகன்ற கால்வாய்க்குத் திரும்பியபோது எதிரே, அப்போதுதான் உள்ளே நுழைய முயன்ற ஒரு படகு தரைதட்டி நின்றது. அதன் படகோட்டி இடுப்பளவுச் சேற்றில் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஓதத்தின் கணக்கு பலரும் அஞ்சுவதைப் போலக் கடினமானதன்று. நம் கிழக்குக் கரையில் ஒரு நாளில் இரு முறை ஏறி இரு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்தின் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால், இன்று காலை எட்டு மணிக்கு நீர் நிறைந்திருந்தால் நாளைக்கு எட்டே முக்கால், எட்டு ஐம்பதுக்கு நிறையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு நாட்களில் ஏற்றமும் வற்றமும் மிகுதியாக இருக்கும். அட்டமி, நவமியை ஒட்டி இரண்டுமே மந்தமாக இருக்கும். மாலுமிகள் பன்னிரண்டில் பங்கிடும் ஒரு வழக்கமும் வைத்திருக்கிறார்கள்: ஏறுவதற்கான ஆறு மணி நேரத்தில் முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கும், அடுத்த மணியில் இரு பங்கும், நடு இரண்டு மணிகளில் மும்மூன்று பங்கும், பிறகு இரண்டும் ஒன்றுமாக நீர் உயரும், வற்றும்போதும் அப்படியே. ஆகவே நீரோட்டம் மிக வேகமாக இருப்பது நடு இரண்டு மணி நேரத்தில்தான். உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு படகில் ஏறுவதையே நான் விரும்புவேன். ஒரு சிறு எச்சரிக்கை: ஓத அட்டவணைகளில் உள்ள நேரம் துறைமுகத்துக்கானது. காட்டின் உட்பகுதியில் நீர் நிறைவதற்கு அதைவிடத் தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்பதை உள்ளூர்ப் படகோட்டியிடம்தான் கேட்டறிய வேண்டும்.

மற்றவர்கள் எந்த வேளையில் போனீர்கள், என்ன பார்த்தீர்கள் என்று எழுதினால் நன்றாக இருக்கும்.

*

ஐயா அவர்களின் ஓதக் கணக்கு முழுவதும் சரி. முடிவோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை. நீர் நிறைந்திருக்கும்போது அலையாத்திக் காட்டில் பார்க்கக் கிடைப்பது இலையும் நிழலும் மட்டுமே. காட்டில் குடியிருப்பவை எல்லாம் வற்றத்தில்தான் வெளியே வருகின்றன. அதே பிச்சாவரத்தில், குறுகிய ஓடைக்கு ஆசைப்படாமல், அகன்ற கால்வாயின் ஓரத்தில் சேற்றுத்திட்டு ஒன்றின் அருகே படகை நிறுத்தச் சொல்லிவிட்டு நானும் என் கணவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். தொடக்கத்தில் வெறும் சேறாகத்தான் தெரிந்தது. சிறிது நேரத்தில் வளை ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு நண்டு. ஆண் நண்டுகளுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பின் அளவுக்குப் பெரியது. அதை உயர்த்தி உயர்த்தி அசைப்பது பெண் நண்டை அழைப்பதற்கும் மற்ற ஆண்களை விரட்டுவதற்குமாம். அவற்றுக்கிடையே, தலையின் உச்சியில் கண்கள் துருத்திக்கொண்டிருக்கும், விரல் நீளமுள்ள மீன்கள், முன்துடுப்புகளைக் கைகளைப் போல ஊன்றிச் சேற்றின் மேல் நகர்ந்தன. செவுளில் நீரைத் தேக்கிவைத்தும் ஈரத் தோல் வழியாக மூச்சு வாங்கியும் இவை தண்ணீருக்கு வெளியே வாழ்கின்றன என்று படித்திருந்தேன். ஒன்று சேற்றில் ஒருபக்கமாகப் புரண்டு உடம்பை நனைத்துக்கொண்டதை நேரில் பார்த்தபோதுதான் அது விளங்கியது.

வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்களும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். காற்றே புகாத சேற்றில் புதைந்த வேருக்குக் காற்று கொண்டுபோக, பென்சில்களை நட்டு வைத்ததைப் போல ஆயிரக்கணக்கில் அவை மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அதன் இலையை விரலால் தடவி நாவில் வைத்துப் பாருங்கள் என்று படகோட்டி சொன்னார்; உப்புக் கரித்தது. மரம் தான் உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றிவிடுகிறது.

இன்னொன்றையும் வற்றத்தில்தான் பார்க்க முடிந்தது. இருளர் சிலர் ஆழம் குறைந்த நீரில் உட்கார்ந்த நிலையில் நகர்ந்தபடி, வலையோ தூண்டிலோ இல்லாமல், வெறும் கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்தார்கள். பிடித்ததை, பற்களில் கவ்வியிருந்த பறியில் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு அது அன்றைய கூலி. நம் படகு எழுப்பும் அலை அவர்கள் துழாவும் இடத்தைக் கலக்கிவிடும் என்பதால், படகோட்டி தானாகவே எதிர்க்கரையை ஒட்டிப் போனார். கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அவர்களை நெருங்கிப் போகச் சொல்லும் பயணிகளையும் அன்றைக்குப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

*

நான் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம். இங்கே ஏற்றம், வற்றம் இரண்டையும்விடக் காற்றைத்தான் முதலில் பார்ப்போம். ஜாம்புவானோடையிலிருந்து கோரையாற்றில் இறங்கிப் போகும் வரை இருபுறமும் மரம் இருப்பதால் எதுவும் தெரியாது. ஆறு முடிந்து கடற்கழி திறந்தவுடன் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளித் தண்ணீர். ஆழம் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆளின் உயரம்கூட இல்லை. ஆழமில்லாத நீர்தானே என்று துணிந்துவிடக் கூடாது. ஆழமில்லாத இடத்தில்தான் காற்று சற்றுப் பலத்தவுடன் குட்டை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து அலை எழும்பிப் படகின் விளிம்புக்கு மேல் ஏறும். காலையில் கிளம்பி, பிற்பகலில் கடற்காற்று எழுவதற்கு முன் ஆற்றுக்குள் திரும்பிவிடுவதே எங்கள் வழக்கம். வாடைக் காலத்தில் அதையும் யோசித்துத்தான் செய்வோம். இங்கு உள்ளே போக வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும், மீனவர் ஒருவரைத் தனியாகப் பிடித்துப் பணம் கொடுத்துவிட்டால் போதும் என்பது சரியன்று என்பதையும் புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் இந்தக் காட்டைக் கடந்து போனது. அதன் பிறகு நான் முதன்முறை போனபோது, இலையே இல்லாமல் சாம்பல் நிறத்தில் நின்ற மரங்களுக்கு நடுவே, படகைச் செலுத்தியவரும் நாங்களும் வெகுநேரம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. முறிந்து ஓடைக்குள் கிடந்த கிளைகள் தண்ணீருக்கடியில் தெரியாமல் இருந்ததால், முன்னால் ஒருவர் கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே வர வேண்டியிருந்தது.

*

தமிழ்நாட்டுக்கு வெளியே ஓர் அனுபவம். கொல்லத்துக்கு அருகே, கல்லடையாறு அட்டமுடிக் காயலில் கலக்கும் இடத்தில் உள்ள மன்றோ தீவில், மூங்கில் கழியை ஊன்றித் தள்ளும் ஒல்லியான வள்ளத்தில் போனோம். அங்கே ஏற்றத்தால் வரும் சிக்கல் நேர்மாறானது: வாய்க்கால்களுக்குக் குறுக்கே வீட்டுக்கு வீடு தாழ்வான நடைபாலங்கள் இருப்பதால், தண்ணீர் ஏற ஏறப் பாலத்துக்கும் வள்ளத்துக்கும் இடையிலான சந்து குறைந்துகொண்டே வருகிறது. ஒரு பாலத்தின் கீழ் நாங்கள் மூவரும் மல்லாந்து படுத்துவிட்டோம். பாசி படிந்த காங்கிரீட் மூக்குக்கு ஒரு சாண் மேலே நகர்ந்து போனது. இரண்டு மணி நேரம் கழித்து வந்திருந்தால் சுற்றிக்கொண்டுதான் போயிருக்க வேண்டும் என்றார் வள்ளக்காரர். ஏற்றம் மிகும் நாட்களில் அங்கே தண்ணீர் வீட்டு முற்றத்துக்கே வந்துவிடுகிறது. நமக்கு வேடிக்கையாக இருப்பதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

*

தொடங்கியவன் என்ற முறையில் மறுமொழி எழுதுகிறேன். அம்மா எழுதியதைப் படித்த பிறகு, உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு என்ற என் விருப்பத்தைச் சற்றுத் தளர்த்திக்கொள்கிறேன். ஒரே நாளில் இரண்டையும் பார்க்க நேரம் உள்ளவர்கள், நீர் நிறையும்போது ஓடைக்குள் ஒரு முறையும், நான்கைந்து மணி நேரம் கழித்து நீர் இறங்கியபின் அகன்ற கால்வாயில் ஒரு முறையும் போகலாம். படகுத்துறை மாலையில் எப்போது மூடுகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முத்துப்பேட்டை அன்பர் சொன்ன காற்றுக் கணக்கு பிச்சாவரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் பொருந்தும்.

இரண்டு சிறு குறிப்புகள் விட்டுப்போயின. படகுத்துறையில் கொடுக்கும் மிதவைச் சட்டை குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். குழந்தைக்கு அதை அணிவித்தபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள்; சட்டை காதுவரை ஏறினால் அது தண்ணீரில் உதவாது, வேறு கேட்டு வாங்க வேண்டும். ஓர் இடத்தில், "ஆழம் இடுப்பளவுதான், எதற்கு இது" என்று சிரித்தபடி மறுத்தார்கள். இடுப்பளவு நீருக்கு அடியில் இன்னோர் இடுப்பளவு சேறு இருக்கிறது என்று சொல்லி, படகில் ஏற மறுத்து நின்றபிறகே கொடுத்தார்கள்.

மற்றொன்று, கரையோரக் கிளைகளைப் பற்றியது. படகோட்டி பற்றி இழுக்கிறாரே என்று நாமும் கைநீட்டி எதையாவது ஒடிக்கக் கூடாது. அங்கே தில்லை மரமும் உண்டு. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் எழும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போய்விடலாம். எந்தக் கிளையைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் கேட்டால் அந்த மரத்தையும் தூரத்திலிருந்தே காட்டுவார்.