நைரோபியில் ஃப்ளாட்: தரகர் காட்டும் டைட்டிலை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி:
இந்திய பாஸ்போர்ட். நைரோபியின் கிலிமானி பகுதியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், 1.2 கோடி ஷில்லிங். டைட்டில் (உரிமைப் பத்திரம்) கையில் இருக்கிறதாம். உள்ளூரில் கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்கினால் ஃப்ரீஹோல்டாகவே (காலவரம்பு இல்லாத முழு உரிமையாக) கிடைக்கும் என்கிறார் தரகர். சரியா? விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்?

பதில் 1:
கம்பெனி விஷயம் தப்பு. கென்யாவின் 2010 அரசியலமைப்பின் 65-வது பிரிவுப்படி வெளிநாட்டவருக்கு அதிகபட்சம் 99 வருடக் குத்தகைதான். கம்பெனியின் பங்குகள் முழுவதும் கென்யக் குடிமக்களிடம் இருந்தால்தான் அது உள்ளூர் கம்பெனி. ஒரு பங்கு உங்கள் பெயரில் இருந்தாலும் இதே வரம்புதான். ஆகவே குத்தகையில் இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்று முதலில் கேளுங்கள். பழைய கட்டடம் என்றால் பாதிக்கு மேல் ஓடியிருக்கலாம், விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

நகர்ப்பகுதியில் முத்திரைத்தீர்வை 4 சதவீதம். 1.2 கோடிக்கு 4.8 லட்சம். அரசு மதிப்பீட்டாளர் கூடுதலாக மதிப்பிட்டால் அந்தத் தொகைக்குத்தான் கட்ட வேண்டும். வக்கீல் ஃபீஸ் தனி. மூலதன ஆதாய வரி 15 சதவீதம் விற்பவருடையது. ஒப்பந்தத்தில் அதை உங்கள் தலையில் கட்டும் வாசகம் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். கேஆர்ஏ (கென்ய வருவாய்த் துறை) தரும் பின் எண் என்ற வரி எண் இல்லாமல் எதுவும் நகராது, முதலில் அதை எடுங்கள்.

பதில் 2:
டைட்டிலைப் பற்றி. 2023-ல் மொம்பாசா மனை ஒன்றின் வழக்கில் கென்ய உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: முதல் ஒதுக்கீடே முறைகேடு என்றால், பின்னால் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கும் பாதுகாப்பு இல்லை. அதனால் அர்திசாசா (அரசின் இணைய நிலப் பதிவேடு) தளத்தில் இன்றைய உரிமையாளர் பெயரைப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். நிலம் முதலில் யாருக்கு, எதற்காக ஒதுக்கப்பட்டது என்று மூலம் வரை வக்கீலைத் தேடச் சொல்லுங்கள். ஆறு, ஓடை அருகில் என்றால் சர்வேயரும் பார்க்கட்டும். 2018-ல் நைரோபியில் ஓடைக்கரையில் இடிக்கப்பட்ட கட்டடங்களுக்கும் காகிதங்கள் இருந்தன.

இது ஃப்ளாட் என்பதால் இன்னொன்று. 2020 செக்‌ஷனல் சட்டப்படி (ஒவ்வொரு ஃப்ளாட்டையும் தனிச் சொத்தாகப் பதியும் சட்டம்) அந்த ஃப்ளாட்டுக்கே தனி டைட்டில் இருக்கிறதா, இல்லை மொத்த மனைக்கு ஒரே டைட்டில்தானா? இரண்டாவது என்றால், கட்டியவர் வாங்கிய வங்கிக் கடன் உங்கள் ஃப்ளாட் மீதும் நிற்கலாம்.

முன்பணம் 10 சதவீதம்தான் வழக்கம். தரகரிடம் தராதீர்கள், பதிவு முடியும் வரை வக்கீலின் கணக்கில் இருக்கட்டும். பதிவின்போது நிலவாடகை (குத்தகை நிலத்துக்கு அரசுக்குக் கட்டுவது) சான்று, கவுண்டி (உள்ளூர் அரசு) வரிச் சான்று, உரிமை மாற்றத்துக்கான சம்மதம் எல்லாம் கேட்பார்கள். விற்பவர் மணமானவர் என்றால் துணையின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பதில் 3:
வேலை ஒப்பந்தம் இரண்டு, மூன்று வருடம்தான் என்றால் வாடகையே நல்லது. கையெழுத்துப் போடும் முன் குழாயைத் திறந்து பாருங்கள்: நகராட்சித் தண்ணீரா, போர்வெல்லா? நைரோபி போர்வெல்களில் ஃப்ளோரைடு அதிகம், குடிக்க உதவாது. மின்சாரம் பெரும்பாலும் டோக்கன் மீட்டரில்தான் (முன்கூட்டியே பணம் கட்டி எண் வாங்கிப் போடுவது). மீட்டர் கென்யா பவர் என்ற மின் நிறுவனத்துடையதா, உரிமையாளர் வைத்த துணை மீட்டரா என்று கேளுங்கள். துணை மீட்டரில் யூனிட் விலை ஏறலாம். ஜெனரேட்டர், காவல், குப்பை எல்லாம் சர்வீஸ் சார்ஜில் அடங்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும், டெபாசிட் அதில்தான் கரையும். சாவி வாங்கும் அன்றே ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.