யூடியூப் டெமோவில் இனித்த ஸ்பீக்கர் வீட்டில் பானைக்குள் பாடுகிறது: உதவி தேவை

அல்சூர் மாடிவீடு
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் மேல் போர்ஷனில் இருக்கிறோம். அப்பா கச்சேரி கேட்பதற்காக ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் (அலமாரியில் வைக்கிற அளவு சின்னது) வாங்கினேன். அதற்கு முன் மூன்று வாரம் ஒப்பீட்டு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கடைசியில் இரண்டு மாடல் நின்றன. அ, ஆ என்று வைத்துக்கொள்வோம். வீடியோவில் அ பளிச்சென்று கேட்டது, ஆ மந்தமாக இருந்தது. அ-வை வாங்கிவிட்டேன்.

வீட்டிலோ மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கும்மென்று ஒலிக்கிற இடப்பக்கம், ஒலிக்கும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி அதிர்கிறது. குரல் பானைக்குள்ளிருந்து வருகிறது. கீழ்வீட்டு ஓனர் கன்னடத்தில் நாசூக்காக விசாரித்துவிட்டுப் போனார். "பழைய டூ-இன்-ஒன் ரேடியோ டேப்பே தேவலை" என்கிறார் அப்பா. ஸ்பீக்கர் பழுதா, வீடியோ பொய்யா? திருப்பிக் கொடுக்க இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.

பழைய ஆம்ப்ளிஃபையர்
தம்பி, மூன்று கேள்வி. வீடியோவை எதில் கேட்டீர்கள்? ஸ்பீக்கரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? அறை எவ்வளவு பெரியது?

அல்சூர் மாடிவீடு
ராத்திரியில் போன் ஸ்பீக்கரில் சார். சில நாள் ஆபீஸ் பஸ்ஸில் இயர்போனில். ஸ்பீக்கர் இருப்பது மூலையில், சிமெண்ட் ஷெல்ஃபில். அறை பத்துக்குப் பத்து.

பழைய ஆம்ப்ளிஃபையர்
பத்துக்குப் பத்தா! சரி, ஸ்பீக்கர் மேல் எனக்குச் சந்தேகம் போய்விட்டது.

வீடியோக்காரர் வீட்டில் ஸ்பீக்கர் பாடியது, அவருடைய ஹாலில் எதிரொலித்து, அவர் மைக்கில் ஏறி, கடைசியில் உங்கள் போன் வழியாக வந்திருக்கிறது. போனின் குட்டி ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 200 அதிர்வு) கீழே உள்ள கனத்த ஒலி ஏறக்குறைய வரவே வராது. தொப்பியின் கும்காரம் பெரும்பாலும் அதற்கும் கீழே. இன்று கண்ணாடியை ஆட்டுகிற சத்தம் அன்று உங்கள் காதுக்கு வந்திருக்கவே வழியில்லை.

யூடியூப் ஒலியைச் சுருக்கிவிடுகிறது என்று பலரும் முதலில் அதைத்தான் திட்டுவார்கள். அது ஓபஸ், ஏஏசி என்கிற சுருக்கு முறைகளில் நொடிக்கு 128 முதல் 160 கிலோபிட் வரை தருகிறது. இந்தக் கதையில் அதன் பங்கு ரொம்பச் சின்னது.

பெரிய வில்லன் சத்த அளவு. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே காது அதைச் 'சத்தம்' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். அதிகச் சத்தமான வீடியோவை யூடியூப் மொத்தமாகத்தான் குறைக்கும். அதற்குள் அ-வும் ஆ-வும் ஒரே அளவா என்று பார்க்காது. அது டெமோ செய்தவர் பொறுப்பு.

இப்போது உங்கள் அறை. பத்தடி என்பது சுமார் 3.05 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் பக்கம் அது தேங்கி வீங்கும். நீளமும் அகலமும் ஒன்றே என்பதால் இரண்டு பக்கமும் அதே 56 ஹெர்ட்ஸில் வீங்குகிறது. போதாக்குறைக்கு மூலை வேறு கும்காரத்தை ஏற்றும். முதலில் ஸ்பீக்கரை ஸ்டூலில் ஏற்றி, சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுங்கள். அதன் பின்னால் ஓட்டை இருந்தால் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டி அடைத்துப் பாருங்கள். சிவப்பு, கறுப்பு ஒயர் ஒரு பக்கம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாறியிருந்தால் குரல் நடுவில் நிற்காமல் பரவிவிடும்.

சிவாஜிநகர் காது
வீடியோவே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே மைக், ஒரே இடம், ஒரே சத்த அளவு என்று எடுத்து, நடுவில் மூலப் பாட்டையும் நேரடியாகப் போட்டுக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஹெட்போனில் கேட்டால் எது மூலத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பிடிபடும். இரண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் அதை நம்பலாம். போன் மைக்கில் எடுத்ததைத் தாண்டிப் போய்விடுங்கள். அது சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற எஸ்.பி. ரோட்டுக்கு அப்பாவின் பாட்டைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கேட்கலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், ஆட்டோ ஹார்னுக்குத்தான் விமர்சனம் எழுதுவீர்கள்.

அல்சூர் மாடிவீடு
இரண்டு நாள் கழித்து வருகிறேன். ஒயர் சரியாகத்தான் இருந்தது. ஸ்டூலும் சாக்ஸும் வேலை செய்தன; கண்ணாடி அடங்கிவிட்டது, குரல் பானையை விட்டு வெளியே வந்துவிட்டது. நண்பனின் ஹெட்போனில் அதே வீடியோவை மறுபடி கேட்டேன். ஆ வரும்போது வால்யூமைக் கொஞ்சம் ஏற்றியதும் மந்தம் பாதி காணாமல் போனது. வெட்கமாக இருந்தது. ஸ்பீக்கரைத் திருப்பப் போவதில்லை.

ஒரே சிக்கல். அறையின் நடுவில் போட்ட நாற்காலியை அப்பா பின்சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். தொப்பி மறுபடி வீங்குகிறது.

பழைய ஆம்ப்ளிஃபையர்
சுவரோரம் பாஸ், அதாவது அந்தக் கனத்த ஒலி, குவியும். ஏன் அங்கே போனார்?

அல்சூர் மாடிவீடு
டேபிள் ஃபேன் காற்று அங்கேதான் வருகிறதாம் சார்.

பழைய ஆம்ப்ளிஃபையர்
அப்பாவை விட்டுவிடுங்கள். ஃபேனை நகர்த்துங்கள்.