14 நாள் கணக்கு: கடிதத்தில் போட்ட தேதியா, கைக்கு வந்த தேதியா?

வெம்பிளி வாசன்:
தனியார் கார் பார்க் டிக்கெட் பற்றி நேற்று ஒருவர் இங்கே, "கடிதத்தின் தேதி 14 நாளுக்குள் இருந்தால் கதை முடிந்தது, பேசாமல் காசைக் கட்டுங்கள்" என்று அருள்வாக்கு சொல்லியிருந்தார். பெயர் வேண்டாம், ஈஸ்ட்ஹாம் பக்கம். இங்கிலாந்து, வேல்ஸுக்கான 2012 புரொடெக்ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டத்தின் 4ஆவது அட்டவணையை அவர் கண்ணால் பார்த்திருப்பாரா? கண்ணாடியில் எதுவும் ஒட்டாமல் கேமராப் படத்தை வைத்துக் கடிதம் அனுப்பினால், வண்டி நின்ற மறுநாளில் தொடங்கி 14 நாளுக்குள் அது கீப்பரிடம், அதாவது வண்டி யார் பெயரில் பதிவோ அவரிடம், போய்ச் சேர வேண்டும், தபாலில் போட்டால் இரண்டாவது வேலை நாளில்தான் சேர்ந்ததாகக் கணக்கு. என் மச்சான் கார் நின்றது 2025 மார்ச் 3, திங்கள். கடிதத் தேதி 14, வெள்ளி. சனி, ஞாயிறு போனால் 18 செவ்வாய். கெடு 17, பிந்தினால் கீப்பரிடம் பணம் கேட்க முடியாது. முடிந்தது.

ஈஸ்ட்ஹாம் ராஜா:
அந்த ஆள் நான்தான், பெயரைச் சொல்லவே பயமா? 3ஆம் தேதி நிறுத்தினார், 14ஆம் தேதி கடிதம் போட்டாயிற்று. 11 நாள். ஒன்றாம் வகுப்புக் கணக்கு. தபால்காரர் மெதுவாக நடந்தால் கம்பெனி என்ன செய்யும்?

டூட்டிங் சுதா:
கவுன்சில் அனுப்பும் பார்க்கிங் நோட்டீஸையும் பிசிஎன் (PCN) என்கிறார்கள், இவர்கள் அனுப்புவதையும் பிசிஎன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? கட்டாவிட்டால் பொலிஸ் வருமா?

வெம்பிளி வாசன்:
ராஜா, சட்டம் "அனுப்பிய நாள்" என்று சொல்லவில்லை. திரும்பச் சொல்கிறேன், வெள்ளிக்கிழமை போட்டால் செவ்வாய். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட்ஹாம் ராஜா:
2015இல் சுப்ரீம் கோர்ட்டே செம்ஸ்போர்ட் கார் பார்க் வழக்கில் தனியார் கம்பெனி கேட்ட 85 பவுண்ட் சரி என்று சொல்லியாயிற்று. அதற்கு மேல் நீங்கள் என்ன நீதிபதியா?

வெம்பிளி வாசன்:
அந்த வழக்கு தொகை நியாயமா என்பது பற்றி. 14 நாள் அங்கே பேச்சிலேயே இல்லை. தீர்ப்பின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு வந்தால் இப்படித்தான்.

லூட்டன் சிவா:
வாசன் அண்ணை, கடிதம் பிந்தினால் கீப்பர்தான் தப்புவார், ஓட்டியவர் தப்ப மாட்டார். உங்கள் மச்சான் அப்பீலில் "நான்தான் நிறுத்தினேன், கடையில் கியூ நீளம்" என்று எழுதியிருந்தால் 17 என்ன, 27 என்ன? என்ன எழுதினவர்?

வெம்பிளி வாசன்:
அது வேறு விஷயம். இங்கே கேள்வி கணக்கு. செவ்வாய்.

ஈஸ்ட்ஹாம் ராஜா:
ஆகா, எழுதிவிட்டாரா! போன வருடம் கார் இன்சூரன்ஸுக்கு இதே வாசன் சொன்ன யோசனையைக் கேட்டவர்கள் இப்போது எங்கே என்று யாராவது விசாரியுங்கள்.

வெம்பிளி வாசன்:
இன்சூரன்ஸ் எங்கிருந்து வந்தது? தேர்த் திருவிழா அன்று அடுத்தவர் வீட்டு டிரைவ்வேயை மறித்து வண்டியைப் போட்டுவிட்டுப் பிரசாத வரிசையில் நின்றவர் எனக்குப் பார்க்கிங் சட்டம் சொல்லித் தருகிறார்!

ஈஸ்ட்ஹாம் ராஜா:
அது என் தம்பியின் வண்டி. 11 நாள்.

லூட்டன் சிவா:
சுதா அக்கா, கவுன்சில் அனுப்புவது சட்டப்படி தண்டம். தனியார் அனுப்புவது ஒப்பந்தப் பணம், பொலிஸுக்கு வேலையில்லை. கடன் வசூல் கம்பெனி கடிதம் போட்டு 100 பவுண்டை 170 ஆக்கிப் பயமுறுத்தும், வீட்டுக்குள் வர அதிகாரம் கிடையாது. கோர்ட்டிலிருந்து படிவம் வந்தால் மட்டும் குப்பையில் போடாதீர்கள், பதில் போடாமல் விட்டால் தீர்ப்பு அவர்கள் பக்கம் போய்விடும், ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 6 வருடம் கிரெடிட் ரிப்போர்ட்டில் நிற்கும். கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் இந்த 14 நாளே இல்லை, கீப்பருக்கான கடிதம் 28 நாள் முடிந்து 56ஆம் நாளுக்குள் வர வேண்டும்.

வெம்பிளி வாசன்:
28, 56 என்று குழப்பாதீர்கள் சிவா, மச்சான் வண்டியில் எதுவும் ஒட்டவில்லை என்று முதலிலேயே சொன்னேன். யாரும் முழுவதும் படிப்பதில்லை.

ஈஸ்ட்ஹாம் ராஜா:
படித்தேன். அப்பீலில் எழுதியதை மட்டும் காணவில்லை.

வெம்பிளி வாசன்:
தபாலில் போட்ட நாளுக்கு அத்தாட்சி கேட்டிருக்கிறோம், இதுவரை பதில் இல்லை. ஏன் இல்லை? 14 அச்சடித்த தேதிதான், உண்மையில் போட்டது 17 ஆகக்கூட இருக்கலாம், அப்படியானால் 19 புதன்.

ஈஸ்ட்ஹாம் ராஜா:
இப்போது புதனா? காலையில் செவ்வாய் என்றீர்கள்.