டிஸ்க்கைக் காப்பி எடுத்தபோது மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

கடைசித்தட்டு:

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருக்கிறது.

2006இல் வீட்டு வீடியோக்களைச் சேர்த்து அண்ணன் ஒரு டிவிடி செய்தார். இரண்டு ஒலித்தடம். ஒன்றில் இசை. இன்னொன்றில் படம் ஓட ஓட அப்பா உட்கார்ந்து பேசியது: இது எப்போது எடுத்தது, பின்னால் நிற்பது யார், அன்றைக்கு ஏன் எல்லோரும் சிரித்தோம். 2014இல் அதை ஐஎஸ்ஓவாக (முழு டிஸ்க்கின் நகல் கோப்பு) எடுத்து, அதிலிருந்த விஓபிகளை (டிவிடியின் வீடியோ கோப்புகள்) ஒட்டி, எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியில் எம்பி4 ஆக்கினேன். இரண்டு மூன்று இடத்தில் ஓட்டிப் பார்த்தேன். படம் வந்தது, இசை கேட்டது. ஐஎஸ்ஓவை அழித்துவிட்டேன்.

அப்பா போன பிறகுதான் அந்த எம்பி4ஐ முழுதாகத் திறந்தேன். இசை மட்டும்தான் இருந்தது.

டிஸ்க்கைத் தேடி எடுத்துப் போட்டேன். மெனு வந்தது. நீலப் பின்னணி, இரண்டு பட்டன்: 'இசையுடன்', 'அப்பா பேசுகிறார்'. இரண்டாவதுக்கு நகர்த்தி எண்டர் தட்டினேன். டிரைவின் சத்தம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. திரையில் அந்த பட்டன் மட்டும் மஞ்சளாக ஒளிர்ந்தபடி அப்படியே நின்றது. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

நூல்கண்டு:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கருவி ஏதோ தவறு செய்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நாம் எதுவும் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் ஒரு வீடியோ, ஒரு ஆடியோதான் எடுக்கும். சானல் அதிகம் உள்ள ஆடியோவை எடுக்கும், சமமாக இருந்தால் முதலில் வருவதை. அதன் விதி அது. 'மேப்' என்ற ஆப்ஷன் கொடுத்து எல்லா ஆடியோவையும் கேட்டு வாங்க வேண்டும்.

என் கதை சின்னது. டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் டிடி கமாண்டில், ஒரு தடவைக்குப் படிக்கும் பிளாக் அளவை 1 எம்பி என்று வைத்து ஒரு கீறல் விழுந்த டிஸ்க்கை எடுத்தேன். டிஸ்க்கின் மிகச் சின்னத் துண்டான 2048 பைட் செக்டர் ஒன்று கெட்டாலும் அந்த 1 எம்பி முழுவதும் பூஜ்யமாகிவிட்டது. தங்கை மேடையில் பாட வாயைத் திறக்கும் இடம் அதில் போயிற்று.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அந்த டிஸ்க்கை மறுபடி பிளேயரில் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். கணினியில் திறக்க மவுண்ட்கூடச் செய்யாதீர்கள். கெட்ட டிஸ்க்கிலிருந்து மீட்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ எடுங்கள். பிளாக் அளவு 2048, முதல் சுற்றில் 'என்' ஆப்ஷன். நன்றாகப் படிக்கும் பகுதியை முதலில் அள்ளிவிட்டு, அடம்பிடிக்கும் இடத்தைக் கடைசிக்கு ஒதுக்கிவிடும். மேப்ஃபைல் கட்டாயம். எது வந்தது, எது வரவில்லை என்ற கணக்கு அதில்தான் இருக்கும். இரண்டாவது சுற்றில் 'டி', 'ஆர்' கொடுத்து விட்ட இடங்களுக்கு மட்டும் திரும்பப் போகலாம். அப்புறம் முக்கியமான விஷயம்: அதே மேப்ஃபைலோடு வேறொரு டிரைவில் போடுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டரை இன்னொன்று சாதாரணமாகப் படிக்கும். நான் மூன்று டிரைவ் மாற்றியிருக்கிறேன்.

இன்னொன்று. டிஸ்க்கை உள்வட்டத்திலிருந்து வெளியே நோக்கித்தான் படிப்பார்கள். உங்கள் மெனு திறந்தது என்றால் உள்பக்கம் உயிரோடு இருக்கிறது. விஓபியில் படமும் இரண்டு ஆடியோவும் துண்டு துண்டாகக் கலந்துதான் எழுதப்பட்டிருக்கும். ஒரு நிமிடப் படம் மீண்டால் அந்த ஒரு நிமிடத்துக்கான அப்பா குரலும் கூடவே வரும். படம் உங்களிடம் முழுதாக இருக்கிறது, குரலை மட்டும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். பல ஆடியோவைத் தாங்கும் எம்கேவி கோப்பில் போடுங்கள். எஃப்எஃப்எம்பெக்கின் 'மேப்'பில் வெறுமனே எல்லாவற்றையும் கேட்டால் டிவிடியின் நேவிகேஷன் டேட்டாவும் வந்து பிழை காட்டும், வீடியோ, ஆடியோ, சப்டைட்டில் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டாவது தடம் தாமதமாகத் தொடங்கினால் கண்ணில் படாமல் போகலாம், கோப்பின் தொடக்கத்தில் எவ்வளவு தூரம் தேடிப் பார்க்கும் என்பதைச் சொல்லும் ப்ரோப்சைஸையும் அனலைஸ்டியூரேஷனையும் பெரிதாக்குங்கள்.

ஐஎஸ்ஓவை மட்டும் யாரும் அழிக்காதீர்கள்.

மழைச்சாரல்:

எனக்கு உறுத்துவது ஒரு விசிடி. பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்தார். லினக்ஸில் மவுண்ட் ஆனது, உள்ளே வீடியோ கோப்பான அவ்சீக்01.டாட் தெரிந்தது. காப்பி செய்தால் 'இன்புட் அவுட்புட் எரர்'. டிடியிலும் அதே. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து நான்கு முறை போட்டேன். "கெட்டுப்போச்சுக்கா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். "சரிம்மா, போகட்டும்" என்று அவர் அதை இரண்டாக மடக்கினார். உடையும் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. விசிடியில் வீடியோ செக்டர் 2048 இல்லை, 2324 பைட். பிழை திருத்தத்துக்கான இடத்தையும் வீடியோவுக்கே கொடுத்திருப்பார்கள். அதனால் சாதாரணக் கோப்பு போல எடுக்கப் போனால் நல்ல டிஸ்க்கே எரர் கொடுக்கும். விசிடிக்கென்றே உள்ள விசிடிஎக்ஸ்ரிப் கருவியைப் போட்டிருந்தால் வந்திருக்கும். இல்லை, எம்பிளேயர் என்ற பிளேயரில் இரண்டாவது டிராக்கை அப்படியே கோப்பாக டம்ப் செய்திருக்கலாம்.

டிஸ்க்கில் எந்தக் குறையும் இல்லை. அவரிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

இரவுவிளக்கு:

நூல்கண்டு, நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நாற்பது டிஸ்க், ஒவ்வொன்றும் 4 ஜிபிக்கு மேல். எல்லோரிடமும் எல்லா ஐஎஸ்ஓவையும் வைக்க இடம் இருக்காது. நான் அழிக்கத்தான் வேண்டியிருந்தது.

பெயர்களை ஒரு கோப்பில் எழுதி, ஒவ்வொரு வரியாகப் படிக்கும் 'வைல் ரீட்' லூப்பில் எஃப்எஃப்எம்பெக்கை ஓடவிட்டு, லூப் முடிந்ததும் ஐஎஸ்ஓக்களை அழிக்கும் வரியையும் அதே ஸ்கிரிப்டில் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் ஃபோல்டரில் ஒரே ஒரு எம்கேவி. டெர்மினல் முழுக்க 'கோப்பு இல்லை', 'கோப்பு இல்லை'. ஒவ்வொரு பெயரிலும் முதல் சில எழுத்துகளைக் காணோம். 'பள்ளிவிழா' என்பது 'விழா' என்று நின்றது. நான் லூப்புக்குக் கொடுத்த பட்டியலை எஃப்எஃப்எம்பெக் விசைப்பலகை உள்ளீடாக நினைத்து விழுங்கியிருக்கிறது. 'நோஸ்டிடிஇன்' என்று ஒரு ஆப்ஷன் கொடுத்திருந்தால் முடிந்தது.

மறுபடி நாற்பதையும் எடுத்தேன். மூன்று டிஸ்க் இரண்டாவது முறை படிக்கவில்லை.

நூல்கண்டு:

அப்படியானால் பிரச்சினை இடம் இல்லை, இரவுவிளக்கு. மாற்றுவதையும் அழிப்பதையும் ஒரே ஸ்கிரிப்டில் வைத்ததுதான். கோப்பு இருக்கிறதா, அதன் நீளம் டிஸ்க்கின் நீளத்தோடு பொருந்துகிறதா என்று டிவிடி விவரம் காட்டும் எல்எஸ்டிவிடியில் பார்த்து, கோப்பு விவரம் காட்டும் எஃப்எஃப்ப்ரோபில் ஆடியோ எத்தனை என்று எண்ணி, அதற்கப்புறம் கையால் அழித்திருக்க வேண்டும்.

இரவுவிளக்கு:

தெரியும். அதனால்தான் எழுதினேன்.

சிறுகல்:

என்னுடையது அழியவில்லை, கெட்டுவிட்டது. மகன் முதல்முறை ஓடிய வீடியோ, இன்டர்லேஸ் செய்தது: வெவ்வேறு கணத்தில் எடுத்த இரண்டு ஃபீல்டின் வரிகள் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒரே படத்தில் இருக்கும். அவற்றைச் சரிசெய்யும் டீஇன்டர்லேஸ் செய்யாமல் நேரடியாகச் சின்ன அளவுக்கு ஸ்கேல் செய்துவிட்டேன். அசையாத சுவர் தெளிவாக இருக்கிறது. ஓடும் குழந்தையின் ஓரமெல்லாம் சீப்புப் பல். ஸ்கேல் செய்தபோதே இரண்டு ஃபீல்டின் வரிகளும் கலந்துவிட்டன, இனிப் பிரிக்க முடியாது. முதலில் டீஇன்டர்லேஸ் செய்யும் பிடபிள்யூடிஃப் ஃபில்டர், பிறகுதான் ஸ்கேல். இந்த வரிசை மாறினதுதான்.

கடைசித்தட்டு:

நூல்கண்டு, நீங்கள் சொன்னபடி செய்தேன். முதல் டிரைவில் ஒன்பது சதவீதத்தில் நின்றுவிட்டது. நண்பரின் பழைய லேப்டாப் டிரைவில் அதே மேப்ஃபைலோடு போட்டதும் மெல்ல நகர ஆரம்பித்தது. இரவு முழுக்க ஓடி இருபத்திரண்டு சதவீதம்.

இரண்டாவது தடத்தை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டேன். நடுநடுவே வெட்டு. ஆனால் அப்பாதான். தொண்டையைச் செருமிவிட்டு, "இது உங்கம்மா என்கிட்ட பேசாம இருந்த வாரம்" என்று தொடங்குகிறார். அதைப் பற்றி எங்களிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவை அழைத்துக் கேட்கவைத்தேன். ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "முழுசா வரட்டும், அவரே சொல்வார்" என்றார்.

மூன்றாவது டிரைவ் நாளை வருகிறது.